சக்கரத்தின் குடமும் அச்சும்

மேற்கே ஏலமலைத் தொடர்; கிழக்கே வருசநாட்டு மலை. இவ்விரண்டுக்கும் இடையே நெல்லும் வாழையும் திராட்சையும் செழிக்கப் பரந்து கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. 1895ஆம் ஆண்டில் பென்னிகுவிக் என்னும் பொறியாளர் கட்டி முடித்த பெரியாற்று அணை, மேற்கு நோக்கி ஓடிய நீரைக் கிழக்கே திருப்பி இந்நிலத்தை வளமுறச் செய்தது. கூடலூர் முதல் தேனி வரை நீளும் இப்பள்ளத்தாக்கின் ஊர்களில் பொழுது புலருமுன் எழும் ஒலிகளுள் மிதிவண்டியின் மணியொலியும் ஒன்று. பாற்கலங்களைச் சுமந்து ஒரு வண்டி வரும். வாழைத்தார்களைத் தாங்கி ஒரு வண்டி போகும். புத்தகப் பையுடன் பள்ளிப் பிள்ளைகள் சாரிசாரியாகச் செல்வர்.

இவ்வண்டிகள் யாவும் ஒரு சிறு தண்டின்மேல் நம்பிக்கை வைத்து ஓடுகின்றன. அத்தண்டே அச்சு. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவில் தேரைக் காண்போர் அதன் சிற்பங்களையும் தொங்கல்களையும் கண்டு வியப்பர். சக்கரத்தின் நடுவே மறைந்து நிற்கும் அச்சினைக் கருதுவோர் சிலரே. “அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது” என்று முன்னோர் சொல்லி வைத்தனர். தேருக்குப் பொருந்தும் அவ்வுண்மை மிதிவண்டிக்கும் பொருந்தும்.

மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவே உருண்டு திரண்ட மரப்பகுதி ஒன்று உண்டு. அதற்குக் குடம் என்று பெயர். குடத்திலிருந்து ஆரக்கால்கள் விரிந்து சென்று வட்டையைத் தாங்கும். குடத்தின் துளையூடே அச்சு செல்லும். மிதிவண்டியிலும் இவ்வமைப்பே உள்ளது. பட்டறையில் ‘ஹப்’ என்று வழங்கப்படுவதே அதன் குடம். மரத்துக்கு மாறாக எஃகு அல்லது அலுமினியக் கலவை. பருத்த ஆரக்கால்களுக்கு மாறாக மெல்லிய கம்பிகள். அச்சுக்கும் குடத்துக்கும் இடையே உராய்வைக் குறைக்கும் எஃகுக் குண்டுகள். இவையே வேறுபாடுகள். வண்டியின் சட்டம் பின்புறத்தில் இரு கவைகளாகப் பிரிந்து, குடத்தை இருபுறமும் கவ்விப் பிடிக்கின்றது. இவ்விரு கவைகளின் உட்பக்கங்களுக்கு இடையே உள்ள தொலைவே அச்சின் அளவை உறுதி செய்வது. கவை அகலமாகவும் குடம் குறுகலாகவும் இருப்பின் சக்கரம் ஆடும். குடம் அகலமாகவும் கவை குறுகலாகவும் இருப்பின் சக்கரம் உள்ளே நுழையாது.

அளவு வேறுபடுவதால் விளையும் இடர் தேனி மாவட்ட மக்களுக்குப் புதியதன்று. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928ஆம் ஆண்டில் மீட்டர் பாதையில் இரயில் ஓடத் தொடங்கிற்று. அப்பாதையின் அகலம் 1,000 மில்லிமீட்டர். நாட்டின் பெரும்பகுதியில் உள்ள அகலப் பாதையோ 1,676 மில்லிமீட்டர். ஒன்றில் ஓடும் வண்டி மற்றொன்றில் ஓடாது. ஆகவே 2010ஆம் ஆண்டின் இறுதியில் இத்தடம் மூடப்பட்டு, அகலப் பாதையாக மாற்றும் பணி மேற்கொள்ளப்பட்டது. தேனிக்கு மீண்டும் இரயில் வந்தது 2022ஆம் ஆண்டில். போடிநாயக்கனூருக்கு வந்தது 2023ஆம் ஆண்டில். சக்கரங்களின் இடைவெளி மாறிய காரணத்தால் ஒரு பள்ளத்தாக்கே பல்லாண்டு காத்திருக்க நேர்ந்தது.

மிதிவண்டியின் அளவுகளும் காலந்தோறும் மாறி வந்துள்ளன. 1949ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த அம்பத்தூரில் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற நிறுவனங்கள் பரப்பிய பழைய கறுப்பு வண்டியில் பின்னால் ஒரே பற்சக்கரம் உண்டு. அதன் குடம் ஏறத்தாழ 110 முதல் 115 மில்லிமீட்டர் அகலமே உடையது. திண்ணிய எஃகு அச்சின் இரு முனைகளிலும் நட்டு வைத்து முடுக்கினால் போதும். ஊர்தோறும் உள்ள பட்டறையில் இதனைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொள்வதே சிறுவர்களின் முதற் பாடமாக இருந்தது.

மலையேறும் மிதிவண்டி பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டமல்பைஸ் என்னும் மலையை அடுத்த பகுதியில், பழைய கனத்த மிதிவண்டிகளில் இளைஞர் சிலர் மண்பாதை வழியே கீழ்நோக்கிப் பாய்ந்தோடினர். 1976ஆம் ஆண்டில் அவர்கள் அதனை ஒரு பந்தயமாகவே நடத்தலாயினர். அவ்வண்டிகளின் தடை, பின்சக்கரக் குடத்தின் உள்ளேயே இருந்தது. மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் தடை பிடிக்கும். செங்குத்தான இறக்கத்தில் இடைவிடாது தடை பிடித்தமையால் குடம் கொதித்து, உள்ளிருந்த மசகு புகையாக வெளியேறும். ஒவ்வோர் ஓட்டத்தின் பின்னும் குடத்தைப் பிரித்து மசகை மீண்டும் அடைக்க வேண்டியிருந்தது. ‘மீண்டும் அடைத்தல்’ என்னும் பொருள்தரும் ‘ரீபேக்’ என்ற சொல்லே அப்பந்தயத்துக்குப் பெயராயிற்று. மலையின் வலிமையை முதலில் உணர்ந்தது வண்டியின் குடமே என்பதற்கு இப்பெயர் சான்றாகும்.

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குச் செல்லும் சாலையை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். 17 கொண்டையூசி வளைவுகளுடன் அச்சாலை மலைமேல் ஏறுகிறது. ஏறும்போது ஓட்டுபவரின் கால்வலிமை முழுவதையும் சங்கிலி பின்னச்சின்மேல் செலுத்தும். இறங்கும்போது தடையின் இழுப்பும் பள்ளங்களின் அதிர்ச்சியும் அதே அச்சைத் தாக்கும். அச்சு வளைந்தாலும் நெகிழ்ந்தாலும் சக்கரம் ஒருபுறம் சாயும். சமவெளியில் சிறு தொல்லையாக முடிவது, மலைச்சரிவில் உயிருக்கே இறுதியாகிவிடக்கூடும்.

ஆகவே பொறியாளர்கள் அச்சினை வலுப்படுத்தும் வழிகளை நாடினர். பற்சக்கரங்கள் பலவாகப் பெருகவே குடமும் அகன்றது. மலை மிதிவண்டிகளில் 135 மில்லிமீட்டர் என்னும் அளவு நெடுங்காலம் நிலைத்து நின்றது. ‘பிரீவீல்’ என்னும் பழைய அமைப்பில் வலப்புறத்துக் குண்டுகள் பற்சக்கர அடுக்குக்கு உட்புறமாகவே இருந்தன. அவ்விடத்திலிருந்து கவை வரை அச்சு தாங்குவாரின்றி நீண்டமையால், அது வளைவதும் முறிவதும் வழக்கமாயின. 1978ஆம் ஆண்டில் ஜப்பானிய நாட்டுச் சிமானோ நிறுவனம் வெளியிட்ட அமைப்பில், பற்சக்கரங்களைத் தாங்கும் பகுதி குடத்துடனேயே இணைந்தது. வலப்புறத்துக் குண்டுகளும் கவையை ஒட்டி வெளியே நகர்ந்தன. அச்சின் குறை பெரிதும் நீங்கிற்று.

அடுத்து வந்தது, குடத்தின் ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளிவரும் தடித்த ஊடச்சு. முந்தைய அமைப்பில் கவைகள் கீழே திறந்திருந்தன. மெல்லிய கம்பி ஒன்று நெம்புகோலின் துணையால் குடத்தை இறுக்கிப் பிடித்தது. அவ்விறுக்கம் குறைந்தால், ஏற்றத்தில் சங்கிலியின் இழுப்பினால் சக்கரம் கோணிவிடும். ஊடச்சு உள்ள வண்டியிலோ கவைகள் மூடிய துளைகளாக அமைந்துள்ளன. அச்சு ஒரு துளையின் வழியே புகுந்து, மறுபுறத்து மரையில் முறுகி நிற்கும். அதன் விட்டம் 12 மில்லிமீட்டர். திண்ணிய தண்டு ஒன்று வளைவை எதிர்க்கும் திறன் அதன் விட்டத்தின் நான்காம் படிக்கு ஏற்ப வளர்வது இயற்கை விதி. எனவே விட்டம் 10 மில்லிமீட்டரிலிருந்து 12 ஆகும்போது, அத்திறன் இருமடங்குக்கும் சற்று மேலாகின்றது.

இப்புதிய குடத்தின் அகலம் 142 மில்லிமீட்டர். 135 எவ்வாறு 142 ஆயிற்று என்பதில்தான் நுட்பம் உள்ளது. சக்கரத்தை எளிதிற் பொருத்தும் பொருட்டு, சட்டத்தின் கவைகளின் உட்புறத்தில் பக்கத்துக்கு 3.5 மில்லிமீட்டர் ஆழமுள்ள பள்ளம் வைக்கப்பட்டது. அப்பள்ளங்களில் சென்று அமர்வதற்காகக் குடத்தின் முனைகள் மட்டும் நீண்டன. கம்பிகள் கோக்கப்படும் விளிம்புகளோ, பற்சக்கரங்களோ, தடைத்தட்டோ இடம் பெயரவில்லை. அவ்வாறாயின், அளவு மாறியது முனையில். குடத்தின் உடல் மாறவில்லை என்பது பெறப்படும்.

எடுத்துக்காட்டாக, சின்னமனூரில் உள்ள ஒரு குடும்பத்தில் அண்ணனது வண்டியின் சட்டம் முறிந்துவிட்டது. சக்கரங்கள் நல்ல நிலையில் உள்ளன. தம்பிக்கு வேறொரு சட்டம் கிடைத்தது என வைத்துக்கொள்ளலாம். பழைய குடம் 135, சட்டம் 142. தோட்டத்தில் நாட்கூலி பெறும் குடும்பத்துக்குப் புதிய சக்கரம் பல நாள் ஊதியமாகும். சக்கரத்தை எறிந்துவிட வேண்டியதுதானா? வேண்டியதில்லை. முனைமூடிகளை மாற்றத்தக்க குடமாக அது இருப்பின், பழைய மூடிகளை இழுத்தோ மரையைத் திருகியோ அகற்றி, 12 மில்லிமீட்டர் துளையுடைய புதிய மூடிகளைப் பொருத்தினால் போதும். கம்பிகளைத் தொட வேண்டுவதில்லை. மூடிகளை மீண்டும் மாற்றினால் 142 அளவுக் குடம் 135 ஆகவும் மாறும்.

எல்லாக் குடங்களும் இவ்வாறு இணங்குவன அல்ல. கூம்பு வடிவத் திருகுகளால் குண்டுகளை இறுக்கும் பழைய வகைக் குடங்கள் பலவற்றில், அச்சு 10 மில்லிமீட்டர் தடிப்புடையது. அதனூடே 12 மில்லிமீட்டர் தண்டைச் செலுத்த இயலாது. துளையைப் பெரிதாக்க முயன்றால் அச்சே பாழாகும். வாங்குமுன் குடத்தின் வகையை அறிவது அறிவுடைமை.

சக்கரங்கள் மேலும் பெரியவை ஆனபோது 148 மில்லிமீட்டர் என்னும் அளவு வந்தது. இங்கு வேறுபாடு முனையளவில் நிற்கவில்லை. கம்பிகளுக்கு அகன்ற பிடிமானம் கிடைக்கும் வண்ணம் விளிம்புகள் பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் வெளியே தள்ளப்பட்டன. பற்சக்கரங்களும் தடைத்தட்டும் உடன் நகர்ந்தன. ஆகவே 142 அளவுக் குடத்தை 148 சட்டத்தில் பொருத்த இரண்டு வழிகள் உண்டு. இருபுறமும் 3 மில்லிமீட்டர் வளையம் சேர்த்துத் தடைத்தட்டின் கீழும் அதே தடிப்புள்ள வளையம் வைப்பது ஒரு வழி. இதில் வட்டை நடுவிலேயே நிற்கும். ஆனால் பற்சக்கரங்கள் உரிய இடத்துக்கு 3 மில்லிமீட்டர் உள்ளே இருப்பதால், பற்சக்கரம் மாற்றும் கருவியைச் சரிசெய்தல் வேண்டும். மற்றொரு வழி, இடப்புறத்தில் மட்டும் 6 மில்லிமீட்டர் சேர்ப்பது. அப்போது பற்சக்கரங்கள் உரிய இடத்தில் அமையும். தடைத்தட்டின் கீழும் 6 மில்லிமீட்டர் வளையம் வைத்து, நீண்ட திருகுகளால் முடுக்க வேண்டும். வட்டை மட்டும் வலப்புறம் விலகி நிற்கும். இடப்புறக் கம்பிகளை முடுக்கியும் வலப்புறக் கம்பிகளைத் தளர்த்தியும் அதனை 3 மில்லிமீட்டர் இடப்பக்கம் இழுத்து நடுவே நிறுத்துவர். இதனால் இருபுறக் கம்பிகளின் இறுக்கமும் முன்னினும் சமநிலை எய்துவது கூடுதற் பயன். குறுகிய குடத்தை இவ்வாறு அகலமாக்கலாம். 148 அளவுக் குடத்தைக் குறுக்கி 142 சட்டத்துள் புகுத்த வழியில்லை.

இப்பணியில் முதலிற் கையில் எடுக்க வேண்டிய கருவி சுத்தியன்று, அளவுகோல். பள்ளி ஆய்வகத்தில் பயிலும் வெர்னியர் அளவி இங்கே பெருந்துணை புரியும். கவைகளின் இடைவெளி, குடத்தின் அகலம், அச்சின் விட்டம், மரையின் இடைவெளி ஆகிய நான்கையும் அளந்தறிந்த பின்னரே பொருளை வாங்க வேண்டும். பொருந்தாத குடத்தைப் பொருத்துவதற்காகக் கவைகளை விரிப்போரும் உண்டு. எஃகுச் சட்டத்தைக் கைதேர்ந்தவர் சிறிதளவு வளைக்கலாம். அலுமினியச் சட்டமும் கரியிழைச் சட்டமும் அவ்வாறு வளைய மாட்டா. கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று அவற்றில் தோன்றி, பின்னொரு நாள் மலை வளைவில் தன்னை வெளிப்படுத்தும்.

பொருத்திய பின் சில சோதனைகள் இன்றியமையாதவை. வட்டையைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருத்தலாகாது. சுழற்றினால் தடைத்தட்டு எதிலும் உரசலாகாது. மிகப் பெரிய பற்சக்கரத்தில் சங்கிலி நிற்கும்போது கருவி கம்பிகளைத் தொடலாகாது. சமதரையில் சிறிது தொலைவு ஓட்டி, அச்சின் இறுக்கத்தை மீண்டும் பார்த்த பின்னரே மலைச்சாலையை நாடுதல் தகும்.

புதிய அளவுகள் தோன்றுவதில் குற்றமில்லை; அவற்றுள் பல, வலிமையையும் காப்பையும் தந்தவை. ஆயினும் அளவு மாறுந்தோறும் நல்ல பொருள்கள் குப்பையில் வீழ்வது நாட்டுக்கு இழப்பே. எது மாறியது, எது மாறவில்லை என்று பகுத்துணர்ந்த தொழிலாளி, சிறு வளையம் ஒன்றினால் பழைய சக்கரத்துக்கு மறுவாழ்வு அளிக்கின்றான். சாலையோரப் பட்டறையில் எண்ணெய்க் கறை படிந்த கையுடன் அவன் எண்ணும் மில்லிமீட்டர்களில், ஒரு குடும்பத்தின் சிக்கனமும் மலையிறங்கி வரும் ஒரு மாணவனின் உயிர்க்காப்பும் அடங்கியுள்ளன.