வயதும் வருமானமும்: இளந்தம்பதியரும் பிரித்தானியக் குடிவரவு விதிகளும்

திருமணம் இருவருக்கிடையிலான உடன்பாடு. குடிவரவு அனுமதி அரசின் அதிகாரம். ஒரு நாட்டின் பிரசை பிறநாட்டவர் ஒருவரை மணந்து, அவரைத் தம் நாட்டிற்கு அழைத்து, அங்கு சட்டபூர்வமான வதிவிட உரிமையைப் பெற்றுக்கொடுக்க முற்படும்போது இவ்விரண்டும் ஒன்றையொன்று எதிர்கொள்கின்றன. நம்மவரிடையே 'ஸ்பொன்சர் செய்தல்' என வழங்கும் இந்நடைமுறை, வெறும் படிவம் நிரப்பும் காரியமன்று. யாருடைய திருமணம் உண்மையானது, யார் மணம் செய்யத்தக்க முதிர்ச்சி பெற்றவர், யாருக்குக் குடும்ப வாழ்வு நடத்தும் தகுதி உண்டு என்னும் வினாக்களுக்கு அரசு விடையளிக்கும் இடம் அது. தம்பதியர் இளவயதினராயின் அவ்வினாக்கள் மேலும் கூர்மை பெறுகின்றன. பிரித்தானியாவின் அனுபவத்தை முதன்மையாகக் கொண்டு இப்பிரச்சினையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கணவரும் மனைவியரும்

குடிவரவு விதிகள் தொடக்கத்தில் வயதைப் பற்றியன்றிப் பாலைப் பற்றியே கவலைகொண்டன. மனைவி கணவன் வாழும் இடத்தில் வாழ்பவள் என்ற பழைய கருத்தின் அடிப்படையில், பிரித்தானியாவில் குடியேறிய ஆண் தன் மனைவியை அழைத்துக்கொள்வது பெரும்பாலும் ஏற்கப்பட்டது. பெண்ணொருத்தி தன் கணவனை அழைப்பது அவ்வாறு நோக்கப்படவில்லை. வருகின்ற கணவன் ஒரு தொழிலாளி. தொழிற் சந்தையில் போட்டியாளன். ஆகவே, 1969ஆம் ஆண்டு பொதுநலவாய நாடுகளைச் சேர்ந்த கணவரின் வருகைக்குத் தடை விதிக்கப்பட்டது. 1974இல் அத்தடை தளர்த்தப்பட்டதாயினும், 1980இல் தச்சர் அரசாங்கம் மீண்டும் கட்டுப்பாடுகளைக் கொணர்ந்தது. 'முதன்மை நோக்க விதி' எனப் பெயர்பெற்ற விதி அப்பொழுது தோன்றியதே.

அவ்விதியின்படி, திருமணத்தின் முதன்மை நோக்கம் பிரித்தானியாவில் குடியேறுவதாக இருப்பின் அனுமதி மறுக்கப்படும். 1983ஆம் ஆண்டின் விதிகள், நோக்கம் அதுவன்று என எண்பிக்கும் பொறுப்பை விண்ணப்பதாரி மீதே சுமத்தின. இல்லாத ஒன்றை இல்லையென எண்பிப்பது எவ்வளவு அரிது என்பதை விளக்க வேண்டியதில்லை. பெற்றோர் பேசி முடிக்கும் திருமணங்களே இவ்விதியினாற் பெரிதும் பாதிக்கப்பட்டன. மணமக்கள் முன்பின் பழகியிராமை அவர்தம் சமூக வழக்கு. அதுவே அதிகாரியின் கண்ணில் ஐயத்திற்குரிய சான்றாயிற்று. மணமகன் தனித்தும் மணமகள் தனித்தும் விசாரிக்கப்பட்டு, விடைகளிடையே காணப்பட்ட முரண்பாடுகள் மறுப்பிற்குக் காரணமாக்கப்பட்டன. பிரித்தானியாவில் வேலைசெய்ய விரும்புகிறேன் என நேர்மையாகக் கூறியவன், அந்நேர்மையினாலேயே தோல்வியுற்றான்.

பெண்களுக்கு எதிரான இப்பாகுபாட்டை மூன்று பெண்கள் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்திற்கு எடுத்துச் சென்றனர். 1985 மே 28இல் அந்நீதிமன்றம் பால் அடிப்படையிலான பாகுபாடு நிகழ்ந்துள்ளதெனத் தீர்ப்பளித்தது. பிரித்தானிய அரசாங்கம் அத்தீர்ப்பை நிறைவேற்றிய முறை சிந்தனைக்குரியது. பெண்களுக்கு ஆண்களின் உரிமையை வழங்குவதற்குப் பதிலாக, கணவருக்கிருந்த கட்டுப்பாடுகளை மனைவியருக்கும் விரித்தது. உரிமையிற் சமத்துவம் கோரியோர்க்குக் கட்டுப்பாட்டிற் சமத்துவம் கிடைத்தது. முதன்மை நோக்க விதி 1997ஆம் ஆண்டு தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்ததன் பின்னரே நீக்கப்பட்டது.

2. வயது என்னும் அளவுகோல்

நோக்கத்தை அளக்கும் விதி நீங்கிய சில ஆண்டுகளில் வயதை அளக்கும் விதி முன்னணிக்கு வந்தது. அழைப்பவருக்குரிய குறைந்தபட்ச வயது 2003இல் 16இலிருந்து 18ஆகவும், 2008 நவம்பரில் இரு தரப்பினருக்கும் 21ஆகவும் உயர்த்தப்பட்டது. கட்டாயத் திருமணத்தைத் தடுத்தலே இதற்குக் கூறப்பட்ட நியாயம்.

கட்டாயத் திருமணம் கற்பனையன்று. இளம்பெண்கள் விருப்பமின்றி மணமுடித்து வைக்கப்பட்டதும், அத்திருமணம் உறவினன் ஒருவனுக்கு விசா பெறும் வழியாகப் பயன்படுத்தப்பட்டதும் உண்மை. குடும்ப கௌரவத்தின் பெயரால் நிகழும் இக்கொடுமையைப் பண்பாடு எனக் கூறி மறைப்பது முற்போக்குச் சிந்தனையாகாது. ஆயின், நோய் உண்மையென்பதால் மருந்தும் சரியென்றாகிவிடாது. சவுத்ஹோல் கறுப்புச் சகோதரிகள் போன்ற பெண்கள் அமைப்புக்கள், இத்தகைய பெண்களோடு நெருங்கிப் பணியாற்றிய அனுபவத்தினின்றும், குடிவரவுக் கட்டுப்பாடு பெண்களின் பாதுகாப்பிற்குப் பதிலீடாகாது என்பதை வற்புறுத்தின.

விதியின் முரண்பாடு வெளிப்படையானது. அக்காலத்தில் இங்கிலாந்திலும் வேல்சிலும் 16 வயதுடையோர் பெற்றோர் சம்மதத்துடன் சட்டப்படி மணம் செய்யலாம். 2023 பெப்ரவரியிலேயே அவ்வயது 18ஆக உயர்த்தப்பட்டது. எனவே, 2008இன் பின்னர் 18 வயதுப் பெண்ணொருத்தி, பெற்றோர் சம்மதமும் வேண்டாது, உள்நாட்டவன் ஒருவனை மணந்து அவனோடு வாழலாம். அதே பெண் பிறநாட்டவனை மணந்தால் 21 வயதுவரை அவனைப் பிரிந்திருக்க வேண்டும். அன்றேல் தன் நாட்டையே துறந்து செல்ல வேண்டும். ஒரே பெண்ணின் முதிர்ச்சியை, அவள் மணப்பவனின் கடவுச்சீட்டைக் கொண்டு சட்டம் அளந்தது.

இவ்விதி 2011 ஒக்ரோபர் 12இல் பிரித்தானிய உயர் நீதிமன்றத்தில் தோல்வியுற்றது. வழக்குத் தொடுத்த தம்பதியருள் ஒருவர் இளம் பிரித்தானியப் பெண்ணும் அவருடைய சிலி நாட்டுக் கணவருமாவர். அவர்களது திருமணத்திற் கட்டாயம் எதுவும் இல்லையென்பதில் அரசாங்கத்திற்கே ஐயமிருக்கவில்லை. இருப்பினும் அவர்கள் பிரித்தானியாவை விட்டு வெளியேற நேர்ந்தது. அப்பெண் பல்கலைக்கழக இடத்தையும் இழந்தார். ஐந்து நீதிபதிகளுள் நால்வர், ஐரோப்பிய மனித உரிமைகள் சமவாயத்தின் 8ஆம் உறுப்புரை காக்கும் குடும்ப வாழ்வுரிமை மீறப்பட்டுள்ளதெனக் கண்டனர். இவ்விதி தடுக்கும் கட்டாயத் திருமணங்களைக் காட்டிலும், அது இடையூறு செய்யும் விருப்பத் திருமணங்கள் பன்மடங்கு அதிகம் என்பது முதன்மைத் தீர்ப்பை எழுதிய வில்சன் பிரபுவின் வாதத்தின் சாரம். இத்தகைய கொள்கை வினாக்களில் நீதிமன்றம் தலையிடுதல் தகாது என்பது மாறுபட்ட பிறவுண் பிரபுவின் நிலைப்பாடு. அடுத்த மாதமே வயதெல்லை 18க்குத் திரும்பியது.

டென்மார்க்கின் வரலாறு வேறுபட்டது. அங்கு 2002ஆம் ஆண்டு இரு தரப்பினருக்கும் 24 வயது நிபந்தனையாக்கப்பட்டது. தம் நாட்டில் இணைந்து வாழ இயலாத டேனிஷ் இளைஞர் பலர் கடலுக்கு அப்பாலுள்ள சுவீடனின் தென்பகுதியிற் குடியேறி, ஐரோப்பிய ஒன்றியத்தின் நடமாட்டச் சுதந்திரத்தைப் பயன்படுத்தினர். சொந்த நாட்டிற் பிரசையாக இருப்பதிலும், அயல்நாட்டில் ஒன்றியப் பிரசையாக இருப்பது அவர்களுக்குக் கூடிய உரிமையை அளித்தது.

3. வருமானம் என்னும் அளவுகோல்

வயது விதி வீழ்ந்து ஓராண்டு நிறைவுறுமுன், 2012 யூலையில், வருமான விதி புகுந்தது. வாழ்க்கைத் துணையை அழைப்பவர் ஆண்டுக்கு 18,600 பவுண் வருமானமுடையவராதல் வேண்டும். 2017இல் உயர் நீதிமன்றம் இவ்வரம்பைக் கொள்கையளவில் ஏற்றதெனினும், பிள்ளைகளின் நலனும் ஏனைய நிதி ஆதாரங்களும் போதியளவு கவனிக்கப்படாமையைக் கண்டித்தது. 2024 ஏப்ரலில் புதிய விண்ணப்பங்களுக்கு அவ்வரம்பு 29,000 பவுணாக உயர்ந்தது.

இவ்விதியில் வயதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆயின் எளிய கணக்கொன்று அதன் உட்பொருளைக் காட்டும். 2024 ஏப்ரலில் 18 முதல் 20 வயதினருக்குரிய குறைந்தபட்ச ஊதியம் மணித்தியாலத்திற்கு 8.60 பவுண். வாரத்திற்கு 40 மணித்தியாலமாக 52 வாரம் உழைப்பவர் பெறுவது 17,888 பவுண். 21 வயதிற்கு மேற்பட்டோருக்குரிய 11.44 பவுணைக் கொண்டு கணக்கிட்டாலும் 23,795 பவுணே கிட்டும். இரண்டும் வரம்பிற்குக் கீழ்ப்பட்டவை. வருமானத்திற்குப் பதிலாகச் சேமிப்பை மட்டும் காட்ட விரும்புவோர் 88,500 பவுண் வைத்திருத்தல் வேண்டும். உழைப்பால் வாழும் இளைஞர் எவரிடம் அத்தொகை இருக்கும்? நீதிமன்றம் முன்கதவால் வெளியேற்றிய வயதெல்லை, ஊதியத்தின் வடிவிற் பின்கதவால் திரும்பியுள்ளது. இம்முறை அது வர்க்க எல்லையாகவும் அமைந்துள்ளது. செல்வர் வீட்டு இளைஞர் அதனைத் தாண்டுவர். கடைச் சிப்பந்தியும் முதியோர் பராமரிப்பாளரும் தாண்டார்.

இலங்கைத் தமிழர் இதற்குப் புறம்பானவரல்லர். 1983இன் பின் புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஊரிலிருந்து துணை தேடும்போது இவ்விதிகளையே எதிர்கொள்கின்றனர். நமது நாட்டின் சட்டமும் குற்றமற்றதன்று. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் வரை, பிறநாட்டவரை மணந்த இலங்கைத் தாய் தன் பிரசாவுரிமையைப் பிள்ளைக்குத் தந்தைக்கு நிகராக வழங்க இயலாதிருந்தாள்.

4. வருபவரின் நிலை

இவ்விவாதங்களில் அழைப்பவரின் உரிமையே பெரிதும் பேசப்படுகிறது. அழைக்கப்படுபவரின் நிலை அதனினும் நொய்மையானது. பிரித்தானியாவில் வாழ்க்கைத் துணைக்குரிய தகுதிகாண் காலம் 2003இல் ஓராண்டிலிருந்து ஈராண்டாகவும், 2012இல் ஐந்தாண்டாகவும் நீண்டது. அக்காலத்தில் அவருடைய சட்டநிலை திருமணத்திற் தங்கியுள்ளது. பொது உதவிப்பணம் பெறும் உரிமையும் இல்லை. தாக்கும் கணவனை விட்டு விலகினால் நாட்டையும் விட்டு விலக நேரும் என்ற அச்சம் அவன் கையில் ஆயுதமாகிறது. பெண்கள் இயக்கத்தினரின் இடையறாத போராட்டத்தின் விளைவாக 1999இல் ஒரு சலுகை கிடைத்தது. குடும்ப வன்முறைக்கு உள்ளானோர் தனித்து வதிவிட உரிமை கோரும் வழி 2002இல் விதியாகவே ஏற்கப்பட்டது.

ஐக்கிய அமெரிக்காவிலும் இதனையொத்த வரலாறே நிகழ்ந்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டம், புதிதாக மணந்தோருக்கு ஈராண்டு நிபந்தனை வதிவிடத்தையே வழங்கி, நிபந்தனையை நீக்கத் தம்பதியர் கூட்டாக விண்ணப்பிக்க வேண்டுமென விதித்தது. துன்புறுத்தப்பட்டோர் தனித்து விண்ணப்பிக்கும் வழி 1990இலும் 1994இலும் திறக்கப்பட்டது. அதேவேளை, வயது குறித்து அந்நாடு மறு எல்லைக்குச் சென்றது. 2007 முதல் 2017 வரையான நிதியாண்டுகளில் ஒரு தரப்பினர் 18 வயதிற்குட்பட்டவராயிருந்த 8,686 விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டன என அந்நாட்டு மேலவைக் குழுவொன்று 2019இல் வெளியிட்டது. அவற்றுட் பெரும்பாலானவற்றில் வயது குறைந்தவர் சிறுமியே.

5. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து இரு முடிவுகளைப் பெறலாம். சிறுவயதுத் திருமணத்திற்குக் குடிவரவுச் சட்டம் துணைபோகக் கூடாது. 18 வயதெல்லை நியாயமானது. ஆனால், வளர்ந்தோர் என ஏனைய துறைகளிலெல்லாம் சட்டம் ஏற்றுக்கொண்டோரை, துணை பிறநாட்டவர் என்பதற்காகக் குழந்தைகளாகக் கருதுவது பாதுகாப்பன்று. அது பாதுகாப்பின் மொழியிற் பேசும் குடித்தொகைக் கட்டுப்பாடு.

கட்டாயத்திற்கு உட்பட்ட பெண்ணுக்கு வேண்டியது, மறுப்பதற்கும் பிரிந்து செல்வதற்குமான வலிமை. புகலிடம், சட்ட உதவி, சொந்த வருமானம், கணவனைச் சாராத வதிவிட உரிமை ஆகியன அவ்வலிமையைத் தருவன. இவற்றுக்கு அரசு பணம் செலவிடல் வேண்டும். வயதெல்லையை உயர்த்துவதற்கோ செலவில்லை. விதிகளின் வரலாற்றில் எளிய வழி ஏன் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கம் தேட வேண்டியதில்லை.