கொழும்பில் வாடகை வீடு தேடுவோருக்கு

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிக் குடும்பங்களுக்கு வேலைக்குப் போய்வருவது என்பது நீண்ட காலமாக ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. தோட்டத் தொழிலாளிக்கு வேலையோடு சேர்ந்தே லயன் அறையும் கிடைத்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அவர்கள் பட்ட துன்பம் கொஞ்சமல்ல. ஆனாலும் கொழுந்து மலைக்கு நடந்தே போய்வந்தார்கள். டவுனில் வியாபாரம் செய்த முஸ்லிம்களுக்கோ கீழே கடை, மேலே வீடு. எங்கே குடியிருப்பது என்று தெரிவு செய்யும் நிலை இரு சாராருக்கும் வரவில்லை.

இன்று நம் பிள்ளைகள் படித்து, கொழும்பில் வங்கியிலும் அலுவலகத்திலும் ஆஸ்பத்திரியிலும் புறக்கோட்டைக் கடைகளிலும் வேலை பார்க்கிறார்கள். முதலில் போடிங் அறை. கல்யாணமான பின் வாடகை வீடு. அப்போது எம்மவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்: வாடகை எவ்வளவு? எத்தனை அறை? வேலைக்குப் போய்வர எவ்வளவு நேரம் என்ற மூன்றாவது கேள்வி, வீட்டுக்குக் குடிவந்த அடுத்த திங்கட்கிழமை காலையில்தான் நினைவுக்கு வருகிறது.

மனிதனுக்குக் கிடைக்கும் நற்பேறுகளைச் சொல்லும் நபிமொழி ஒன்றை நாம் கேட்டிருக்கிறோம். நல்ல மனைவியோடு விசாலமான வீடு, நல்ல அயலவர், சுகமான வாகனம் ஆகியவையும் அதில் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. வீடு தேடும்போது நாம் செய்ய வேண்டியதும் இதுதான். வீட்டையும் அயலையும் பயணத்தையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மாதத்தில் எத்தனை மணி நேரம்?

ஒருவர் மாதம் 25 நாள் வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழிப் பயணம் 20 நிமிடம் என்றால் போகவும் வரவும் மாதம் 17 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும். அதே பயணம் ஒன்றரை மணி நேரம் என்றால் 75 மணி நேரம். வித்தியாசம் 58 மணி நேரத்துக்கும் மேல். அதாவது மாதத்தில் இரண்டு பகலும் இரண்டு இரவும் போக இன்னும் பத்து மணி நேரம், பஸ்ஸில் தொங்கியபடி கழிகிறது.

காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு இரவு எட்டுக்கு வரும் தகப்பன், பிள்ளை விழித்திருக்கும்போது அதைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். பிள்ளைக்கு ஓதிக்கொடுப்பதும் பாடம் கேட்பதும் முழுக்கத் தாயின் தலையில் விழுகிறது. தாயும் வேலைக்குப் போகிறவர் என்றால் நிலைமையைச் சொல்லவே வேண்டாம்.

பணக் கணக்கும் இப்படித்தான். ஒரு வீட்டுக்கு வாடகை 40,000 ரூபா, பஸ்ஸுக்கும் முச்சக்கர வண்டிக்கும் பாடசாலை வேனுக்கும் 25,000 ரூபா; இன்னொரு வீட்டுக்கு வாடகை 55,000, போக்குவரத்துக்கு 7,000 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மலிவு என்று நினைத்த முதல் வீட்டுக்குத்தான் மாதம் 3,000 ரூபா கூடச் செலவாகிறது. ஆகவே வாடகையோடு போக்குவரத்துச் செலவையும் கூட்டி, அதையே வாடகையாகக் கருதுங்கள்.

எந்தப் பக்கம் வேலை?

சொந்தக்காரர் இருக்கும் இடத்திலேயே வீடு தேடுவது எம்மவர் வழக்கம். அது தவறல்ல. ஆனால் முதலில் வேலையிடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கே ஒரே பஸ்ஸில் அல்லது ஒரே ரயிலில் போகக்கூடிய இடங்களைப் பாருங்கள். பஸ் மாற வேண்டிய இடங்களில்தான் நேரம் வீணாகிறது.

கோட்டை, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டிப் பக்கம் வேலை என்றால் வெள்ளவத்தையும் தெஹிவளையும் வசதி. காலி வீதியில் பாணந்துறைக்குப் போகும் 100, மொரட்டுவைக்குப் போகும் 101 ஆகிய பஸ்கள் ஓடுகின்றன. கடலோர ரயில் பாதையும் பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் காலி வீதி அடைத்து நிற்கும்போதும் ரயிலுக்குச் சந்தி நெரிசல் இல்லை. தமிழ்க் கடை, மருந்தகம், வகுப்பு எல்லாம் கிட்ட உண்டு. வாடகையும் அதற்கேற்ப உயர்வுதான்.

புறக்கோட்டையில் வேலை என்றால் கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, கிராண்ட்பாஸ் நல்லவை. நடந்தே போகலாம், அல்லது சிறிய பஸ் பயணம் போதும். இடம் நெருக்கமானது, துறைமுக லொறிகளின் இரைச்சலும் உண்டு. ஆனால் கடையை இரவு எட்டுக்கு மூடுபவர் எட்டரைக்கு வீட்டில் இருப்பார்.

மருதானை, பொரளைப் பக்கம் வேலை செய்வோர் மாளிகாவத்தை, தெமட்டகொடையைப் பார்க்கலாம். பள்ளிவாசல்கள் நடக்கும் தூரத்தில் இருக்கும். தெமட்டகொடைக்கு ரயில் நிலையமும் உண்டு. இன்னும் கொஞ்சம் இடவசதி வேண்டுமென்றால் அதே ரயில் பாதையில் களனி தாண்டி ஹுணுப்பிட்டி, அப்பால் றாகம. நுகேகொடை, மஹரகமைப் பக்கம் போவோருக்கு ஹைலெவல் வீதியில் 138 பஸ் இருக்கிறது. ஆனால் வேலை முடியும் நேரத்தில் அந்த வீதி எப்படி நகர்கிறது என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஊருக்குப் போகும் வழியையும் மறக்க வேண்டாம். ஹட்டனில் வயதான வாப்பா உம்மா இருந்தால் மாதம் ஒரு தடவையாவது போக வேண்டும். அவிசாவளை, கித்துல்கல வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடிப்பதற்கே கொழும்பை ஊடறுத்து ஒன்றரை மணி நேரம் பயணம் செய்வதானால், அந்தப் பயணம் மெல்ல மெல்லக் குறைந்துவிடும்.

மழைத் தண்ணீர்

மலைநாட்டவர்களுக்கு மண்சரிவு தெரியும், வெள்ளம் தெரியாது. ஹட்டனுக்கு அருகில் ஓடும் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கையாகின்றன. நமது மலையில் கொட்டும் மழையும் சேர்ந்துதான் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கத்து வீடுகளுக்குள் புகுகிறது. 2016 மே மாதத்திலும், டித்வா புயல் வந்த 2025 நவம்பர் இறுதியிலும் அப்பகுதிகள் தண்ணீரில் மூழ்கின. அங்கே வாடகை குறைவு என்பதால் எம்மவர் பலர் நாடுகிறார்கள். அங்கேதான் எடுக்க வேண்டும் என்றால் மேல்மாடியைப் பாருங்கள். சொந்தக்காரரிடம் கேட்பதோடு நில்லாமல், அடுத்த வீட்டுக்காரரிடமும் சந்திக் கடைக்காரரிடமும் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று கேளுங்கள். புதுப் பெயின்ட் சுவரில் உள்ள அடையாளத்தை மறைத்திருக்கலாம்.

பிள்ளையின் பாடசாலை

கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெப்பை, மருதானை ஸாஹிராக் கல்லூரி 1892இல் உருவாக முன்னின்று உழைத்தார். பிள்ளைகளைக் கொழும்பில் படிக்க வைக்கும் ஆசை நமக்குப் புதிதல்ல. ஆனால் அரசாங்கப் பாடசாலைகளில் முதலாந் தர அனுமதிக்குப் பாடசாலைக்கு அண்மையில் குடியிருப்பது முக்கியத் தகுதி. வாக்காளர் இடாப்பில் எத்தனை ஆண்டுகளாகப் பெயர் இருக்கிறது, வசிப்பிடத்துக்கு என்ன ஆவணம் இருக்கிறது என்றெல்லாம் பார்ப்பார்கள். பிள்ளைக்கு ஐந்து வயதான பின் வீடு தேடினால் காலம் கடந்துவிடும். குடிவந்ததும் கிராம உத்தியோகத்தரிடம் பதிவு செய்யுங்கள். ஆண்டுதோறும் வீடு மாறுவதையும் தவிருங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது

ஞாயிற்றுக்கிழமை பகலில் பார்த்தால் எந்த இடமும் அமைதியாகத்தான் இருக்கும். வேலை நாளில் காலை ஏழு மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டு, வேலையிடம் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். மாலையிலும் திரும்பி வாருங்கள். தரகர் சொல்லும் "பத்து நிமிடம்" எத்தனை நிமிடம் என்பது அப்போது தெரியும்.

மனைவியைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். பகல் முழுதும் அந்த வீட்டில் இருக்கப்போகிறவர் அவராக இருந்தால், தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, சமையலறையில் காற்று இருக்கிறதா, இருட்டிய பின் ஒழுங்கையில் பயமின்றி நடக்கலாமா என்பன அவர் கண்ணில்தான் படும். வீட்டுக்கு முன் அயலவரைப் பார் என்பது அரபியரின் பழமொழி. அடுத்த வீட்டாருடன் சற்று நேரம் பேசிவிட்டு வருவதற்கு ஒரு செலவும் இல்லை.

மின்மானியையும் பாருங்கள். பாவிக்கும் அலகு கூடக் கூட அலகின் விலையும் கூடும். இரண்டு மூன்று வீட்டுக்கு ஒரே மானி என்றால், குறைவாகப் பாவிப்பவரும் கூடிய விலையில்தான் கட்ட நேரும். குளிரில் வளர்ந்த நமக்குக் கொழும்பில் மின்விசிறி இரவு முழுதும் ஓட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எழுதிக்கொள்ளுங்கள்

குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிக்கொள்வது பற்றியது. முற்பணமாகப் பெருந்தொகை கொடுக்கும் நாம், முஸ்லிம் சகோதரர்தானே என்று வாய்ப்பேச்சோடு விட்டுவிடலாமா? முற்பணம் எவ்வளவு, அது மாத வாடகையில் கழியுமா, வாடகை எப்போது உயரும், வீட்டை விட எத்தனை மாத அறிவித்தல் என்பவற்றை நொத்தாரிசு முன் எழுதிக்கொள்ளுங்கள். ஆவணம் தெரியாத மொழியில் இருந்தால் வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லிவிட்டே கையொப்பமிடுங்கள். குத்தகைக் காலம் முடிந்த வீட்டைச் சொந்தக்காரர் நீதிமன்றம் மூலம் மீட்டுக்கொள்வதை 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் இலகுவாக்கியுள்ளது. எனவே உடன்படிக்கை முடியும் திகதியை மறந்துவிட வேண்டாம்.

எல்லாம் பொருந்திய வீடு கிடைப்பது அரிது. எதையாவது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். அப்படியானால் ஓர் அறையை விட்டுக்கொடுங்கள். வரவேற்பறையின் அளவை விட்டுக்கொடுங்கள். மஃரிபுக்குப் பின் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடும் அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் வாடகைக் குறைவுக்காக விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.