ரத்தம் கம்மி என்றால் சத்துக்குறைவு மட்டும்தானா? இண்டூரிலிருந்து ராணிப்பேட்டை வரை ஒரு வழிகாட்டி

“புள்ள வெளுத்துப் போயிருக்கு, ரத்தம் கம்மியாம். கீரையும் பேரீச்சம்பழமும் குடுத்தா சரியாப் போயிடும்.”

இண்டூர் பக்கம் இந்தப் பேச்சைக் கேட்காத வீடு குறைவு. பெரும்பாலான வீடுகளில் அது சரியான யோசனைதான். முருங்கைக்கீரை, கேழ்வரகு, இரும்புச்சத்து மாத்திரை, பூச்சி மாத்திரை என்று மூன்று மாதம் கவனித்தால் குழந்தை தேறிவிடும். ஆனால் சில வீடுகளில் ஆறு மாதம் டானிக் குடித்தும் குழந்தை தேறாது. அங்கே குறை சாப்பாட்டில் இல்லை. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்த மரபணுவில் இருக்கிறது.

தலசீமியா, அரிவாள் செல் ரத்தசோகை (சிக்கிள் செல்), ஹீமோபிலியா ஆகிய மூன்றும் பிறவியிலேயே வரும் ரத்தக் கோளாறுகள். இவற்றுக்கான பரிசோதனை எங்கே, சிகிச்சை எங்கே, எந்த உதவியை எப்படிக் கேட்பது என்பதை இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம். கையில் போன் இருக்கிறது அல்லவா? பாதி வேலையை அதிலேயே முடித்துவிடலாம்.

மூன்று நோய்கள், மூன்று குணங்கள்

தலசீமியாவில் உடல் போதுமான ஹீமோகுளோபினைத் தயாரிக்காது. கடுமையான வகையில் (தலசீமியா மேஜர்) குழந்தை பிறந்து சில மாதங்களிலேயே வெளுக்கத் தொடங்கும், வயிறு உப்பும், எடை ஏறாது. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். ஏற்றும் ரத்தத்தோடு சேரும் இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் தேங்கும். அதை வெளியேற்ற டெஃபராசிராக்ஸ் போன்ற மாத்திரை தினமும் வேண்டும். ரத்தம் ஏற்றுவதை மட்டும் செய்து, மாத்திரையை விட்டுவிட்டால் சில ஆண்டுகளில் இதயம் பாதிக்கப்படும்.

அரிவாள் செல் நோயில் சிவப்பணு வளைந்து அரிவாள் போல் ஆகிவிடும். சிறு ரத்தக்குழாயில் அது மாட்டிக்கொள்ளும்போது தாங்க முடியாத வலி வரும். காய்ச்சல், குளிர், தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வேலை செய்தல் ஆகியவை அந்த வலியைத் தூண்டும். இந்தியாவில் இந்தக் கோளாறு பதிவானது நம் மாநிலத்திலேயே. 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரியின் பழங்குடி மக்களிடம் இதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள்.

ஹீமோபிலியாவில் ரத்தம் உறைவதற்கான ஒரு புரதம் (ஃபேக்டர்) குறைவாக இருக்கும். பெரும்பாலும் ஆண் குழந்தைகளைப் பாதிக்கும். தாய் வழியாக வருவது வழக்கம். ஆனால் சுமார் மூன்றில் ஒரு பங்குப் பேருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இருந்திருக்காது. தவழும் வயதில் முட்டி வீங்குவது, பல் விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காமல் வருவது, தடுப்பூசி போட்ட இடம் பெரிதாகக் கன்றிப்போவது ஆகியவை அறிகுறிகள்.

உங்கள் ரத்த ரிப்போர்ட்டை நீங்களே படியுங்கள்

ஆரம்ப சுகாதார நிலையத்திலோ லேப்பிலோ எடுத்த முழு ரத்த எண்ணிக்கை (சி.பி.சி.) ரிப்போர்ட் வீட்டில் இருந்தால் எடுத்து வையுங்கள். எல்லாரும் ஹீமோகுளோபின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். அதற்குக் கீழே எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும். சிவப்பணுவின் அளவைச் சொல்லும் எண் அது. பெரியவர்களுக்கு 80-க்குக் கீழே, அதற்கடுத்த எம்.சி.ஹெச். 27-க்குக் கீழே என்றால் சிவப்பணு சிறுத்திருக்கிறது என்று பொருள்.

சிறுத்துப் போகப் பொதுவான காரணங்கள் இரண்டு. ஒன்று இரும்புச்சத்துக் குறைவு, மற்றொன்று தலசீமியா மரபணு. இரண்டையும் பிரித்துப் பார்க்க மருத்துவர்கள் வைத்திருக்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு. எம்.சி.வி. எண்ணைச் சிவப்பணு எண்ணிக்கையால் (மில்லியன் கணக்கில்) வகுக்க வேண்டும். உதாரணமாக எம்.சி.வி. 65, சிவப்பணு 5.5 என்றால், விடை 11.8. விடை 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா மரபணு இருக்கலாம் என்ற சந்தேகம் கூடும். இது ஒரு குறிப்புதான், முடிவு இல்லை. முடிவைச் சொல்வது ஹெச்.பி.எல்.சி. என்ற பரிசோதனை. அதில் ஹீமோகுளோபின் ஏ2 அளவு பொதுவாக 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பீட்டா தலசீமியா மரபணு இருக்கிறது என்று மருத்துவர் உறுதிப்படுத்துவார். அரிவாள் செல் மரபணுவும் இதே பரிசோதனையில் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, கர்ப்பிணிகள் தாங்களாகவே இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. மரபணு இருப்பவருக்கும் இரும்பு குறையலாம். மாத்திரை தொடர வேண்டுமா என்பதை ஃபெரிட்டின் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

மரபணு தாங்கியவர் நோயாளி அல்ல

இதுதான் ஊரில் அதிகமாகக் குழம்பும் இடம். ஒருவரிடம் தலசீமியா மரபணு ஒன்று மட்டும் இருந்தால் அவர் ‘தாங்கி’ (கேரியர்). அவர் வயலில் வேலை செய்யலாம், பெங்களூரு போய்க் கட்டட வேலை பார்க்கலாம், பிள்ளை பெறலாம், வயதாகி வாழலாம். அவருக்குச் சிகிச்சையே தேவையில்லை.

சிக்கல் வருவது தாங்கியும் தாங்கியும் மணக்கும்போது. அப்போது ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு (25 சதவீதம்) நோயுள்ள குழந்தை பிறக்க வாய்ப்பு உண்டு. நான்கில் இரண்டு பங்கு, பெற்றோரைப் போலவே தாங்கியாகப் பிறக்கும். மீதி ஒரு பங்கு முழுக்க இயல்பானது. “முதல் குழந்தைக்கு வந்துடுச்சு, இனி மூணுக்கு வராது” என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அது தவறு. ஒவ்வொரு கர்ப்பமும் புதிதாகச் சுண்டும் காசு போல.

தாங்கி ஒருவர், தாங்கி அல்லாதவரை மணந்தால் தலசீமியா மேஜர் குழந்தை பிறக்காது. ஆகவே ஒரு ரிப்போர்ட்டைக் காட்டிச் சம்பந்தத்தை முறிக்க வேண்டியதில்லை. இன்னொருவருடைய ரிப்போர்ட்டையும் கேட்டால் போதும்.

அக்கா மகள், மாமன் மகன் என்று சொந்தத்துக்குள் கட்டும் வழக்கம் நம் பகுதியில் உண்டு. ஒரே தாத்தாவிடமிருந்து வந்த மரபணு இரண்டு பக்கமும் சேரும் வாய்ப்பு அங்கே கூடுதல். ஜாதகம் பார்க்கும் வாரத்திலேயே இரண்டு பேரும் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள். தாலி கட்டிய பிறகு தெரிவதைவிட முன்பே தெரிவது இரு வீட்டாருக்கும் நல்லது. “பொண்ணுக்கு மட்டும் டெஸ்ட் எடுங்க” என்று சொல்ல விடாதீர்கள். மரபணுவில் பாதி மாப்பிள்ளை வழியாகத்தான் வருகிறது.

கல்யாணம் ஆகி, கர்ப்பமும் ஆகிவிட்டதா? முதல் மாதங்களிலேயே கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் வாங்குங்கள். ரத்தப் பரிசோதனையில் மனைவி தாங்கி என்று தெரிந்தால், அதே வாரத்தில் கணவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இருவரும் தாங்கி என்றால், சுமார் 11 வாரத்திலிருந்து கருவின் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பரிசோதிக்கலாம். முடிவு வந்த பிறகு என்ன செய்வது என்பது, சட்டம் அனுமதிக்கும் வரம்புக்குள், அந்தத் தம்பதியின் முடிவு. தாமதமாகப் பதிவு செய்தால் முடிவெடுக்கும் நேரமே இல்லாமல் போகும்.

எங்கே போவது?

முதல் படி, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம். சி.பி.சி. அங்கேயே எடுக்கலாம். பள்ளி, அங்கன்வாடிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமும் குழந்தையைக் காட்டலாம்.

அடுத்த படி, சாலையின் ஒரு முனையில் பென்னாகரம் அரசு மருத்துவமனை, மறு முனையில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2008-இல் தொடங்கிய இந்தக் கல்லூரியின் மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவும் ரத்த மையமும் உண்டு. அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய குழந்தைக்கு வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு இடம் இருப்பது பெரிய விஷயம். மாதம் இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டு வெளியூர் போனால் கூலியும் போகும், பஸ் காசும் போகும்.

தலசீமியா, அரிவாள் செல், ஹீமோபிலியா நோயாளிகளிடம் அரசு ரத்த மையங்கள் ரத்தத்துக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது தேசிய ரத்தப் பரிமாற்றக் குழு 2014-இல் தந்த வழிகாட்டுதல். யாராவது பணம் கேட்டால் மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் சொல்லுங்கள், அல்லது 104-க்கு அழையுங்கள்.

மூன்றாவது படி, வேலூர் சி.எம்.சி. இண்டூர்க்காரர்களுக்குக் கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகப் போகும் பாதை அது. 1986-லேயே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தொடங்கிய மருத்துவமனை இது. தலசீமியாவை முழுதாகக் குணப்படுத்தும் வழிகளில் இன்று அதிகம் பயன்படுவது மஜ்ஜை மாற்றுதான். உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்த 25 சதவீத வாய்ப்பு உண்டு. இரும்பு தேங்கி உறுப்புகள் கெடுவதற்கு முன், சிறு வயதிலேயே செய்தால் பலன் கூடுதல். ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: சி.எம்.சி.யின் ரத்தவியல் துறை இப்போது ராணிப்பேட்டை வளாகத்தில் இயங்குகிறது. வேலூர் நகருக்குள் இறங்கி அலையாதீர்கள். இணையத்தில் முன்பதிவு செய்து, சீட்டில் எந்த வளாகம் என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

ஆராய்ச்சி எங்கே வந்திருக்கிறது?

வேலூரில் உள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையமும் சி.எம்.சி.யும் சேர்ந்து கடுமையான ஹீமோபிலியா ‘ஏ’ உள்ள ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை அளித்தன. நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களை எடுத்து, ஃபேக்டர் 8 தயாரிக்கும் மரபணுவை அதில் சேர்த்து, திரும்ப உடலுக்குள் செலுத்தினார்கள். ஆய்வு முடிவு 2024 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. கண்காணித்த காலத்தில் ஐந்து பேருக்குமே ரத்தக்கசிவு ஏற்படவில்லை. உலகம் படிக்கும் இதழில் வந்த ஆய்வு, நாம் பஸ் ஏறிப் போகும் தூரத்தில் நடந்தது.

அரிவாள் செல்லுக்கும் தலசீமியாவுக்கும் மரபணுவைத் திருத்தும் ஒரு சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் முதன்முதலாக அனுமதி அளித்தது. அதன் விலை இன்று சாமானியர் எட்டும் உயரத்தில் இல்லை. அதுவரை அரிவாள் செல்லுக்கு ஹைட்ராக்சியூரியா மாத்திரை, தடுப்பூசிகள், நிறையத் தண்ணீர், காய்ச்சல் வந்த உடனே மருத்துவமனை ஆகிய நான்கும் உயிர் காக்கும். அரிவாள் செல் ஒழிப்புக்கான தேசிய இயக்கம் 2023 ஜூலை 1-இல் தொடங்கியது. 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது அதன் இலக்கு. தமிழ்நாடும் அதில் உண்டு. மலைக் கிராமங்களுக்கு முகாம் வந்தால் ஒதுங்கிப் போகாதீர்கள்.

ஆய்வில் சேரச் சொல்லி யாராவது கேட்டால் பயப்படவும் வேண்டாம், கண்ணை மூடிக் கையெழுத்துப் போடவும் வேண்டாம். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கிப் படியுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது.

போனில் செய்ய வேண்டியவை

1. இ-ரக்த்கோஷ் இணையதளத்தில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் எந்த ரத்த மையத்தில் எந்த வகை ரத்தம் இருக்கிறது என்று தெரியும். ரத்தம் ஏற்றும் நாளுக்கு முன்தினமே பாருங்கள். போனிலும் உறுதி செய்யுங்கள்.

2. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு. எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சைக்கு அனுமதி என்பதை 1800 425 3993-இல் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

3. மூன்று நோய்களுமே 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் அடங்கும். யு.டி.ஐ.டி. அட்டைக்கு ஆன்லைனிலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பியுங்கள்.

4. மஜ்ஜை மாற்றுக்குப் பொருந்தும் உடன்பிறந்தவர் இருந்தால், ‘தலசீமியா பால் சேவா யோஜனா’ பற்றி மருத்துவமனை சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். தகுதியுள்ள குழந்தைக்கு 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

5. சிகிச்சைக்கான ரயில் பயணத்துக்குக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவரின் கையெழுத்து வேண்டும்.

6. எல்லா ரிப்போர்ட்டையும் போட்டோ எடுத்துத் தனி ஃபோல்டரில் வையுங்கள். ரத்த வகை, கடைசியாக ரத்தம் ஏற்றிய தேதி, மாத்திரை பெயர் மூன்றையும் ஒரு குறிப்பாக எழுதி, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.

உடனே 108 அழைக்க வேண்டிய நேரம்

அரிவாள் செல் உள்ளவருக்கு அதிகக் காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, திடீரென வெளுத்து வயிறு வீங்குதல். ஹீமோபிலியா உள்ளவருக்குத் தலையில் அடி, அது சிறியதாகத் தோன்றினாலும் சரி. ஹீமோபிலியா குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது, மருத்துவரிடம் சொல்லாமல் தசையில் ஊசி போடவும் கூடாது. மருந்துக் கடையில் வலி மாத்திரை கேட்கும் முன் நோயின் பெயரைச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. தலசீமியா குழந்தை ஒன்று வருடம் முழுக்க ரத்தம் ஏற்றிக்கொள்ளப் பல கொடையாளிகள் வேண்டும். அறுவடை முடிந்த மாதத்திலும் திருவிழா மாதத்திலும் அந்தத் தேவை நிற்பதில்லை. உடல்நலம் உள்ள ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் ரத்தம் கொடுக்கலாம். அடுத்த தடவை தருமபுரிக்கு வேறு வேலையாகப் போகும்போது, ஒரு அரை மணி நேரம் ரத்த மையத்துக்கும் ஒதுக்குங்கள்.