கண்ணால் நடக்கும் கால்கள்

குற்றாலத்தில் சீசன் களைகட்டிய ஒரு காலை. பேரருவியில் தலையைக் கொடுத்த பெரியவர் ஒருவர், கண்ணை மூடியதும் தள்ளாடிப் பக்கத்தில் நின்றவர் மேல் சாய்ந்தார். "வேகம் ஜாஸ்தி அண்ணாச்சி, கம்பியப் பிடிச்சுக்கிடுங்க" என்றார் அவர்.

தண்ணீரின் வேகமாக இருக்கலாம். கால் நரம்பாகவும் இருக்கலாம்.

கண்ணை மூடினாலும் பாதம் எங்கே ஊன்றியிருக்கிறது என்று நமக்குத் தெரிகிறது. பாதத்திலிருந்தும் கணுக்காலிலிருந்தும் உணர்வு நரம்புகள் மூளைக்கு ஓயாமல் சேதி அனுப்புவதால்தான் அது. சர்க்கரை நோயிலோ பி12 குறைவிலோ அந்தச் சேதி மங்கும்போது, கண் அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. கண்ணை மூடினால் ஆள் சாய்கிறார். கால்களைச் சேர்த்து நிற்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லி மருத்துவர்கள் செய்யும் ரோம்பெர்க் பரிசோதனை இதைத்தான் பார்க்கிறது. அருவி அதைக் கேட்காமலே செய்துவிடுகிறது!

இப்படிப் பாத உணர்வு மங்கியவர்கள் தரையைப் பார்த்தபடி, காலை அகட்டி, தொம் தொம்மென்று மிதித்து நடப்பார்கள். "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு" என்பார்கள். கரண்ட் போனால் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவார்கள். சர்க்கரை உள்ளவர் செருப்பு கழன்றது தெரியாமல் பத்தடி போய்விட்டால், வீட்டில் சிரிக்கிறோம். சிரிக்கிற விஷயமில்லை அது.

பாதம் தொங்கிப்போவது வேறு கதை. தென்காசி, கடையநல்லூர் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் மடியில் தட்டோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் தடவிப் பாருங்கள்; ஓர் எலும்பு முண்டு தட்டுப்படும். பாதத்தைத் தூக்கும் நரம்பு அதன் கழுத்தைச் சுற்றித் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. வெகுநேரம் சம்மணம் போட்டாலோ குத்தவைத்தாலோ அது நசுங்கக்கூடும். பிறகு பாதத்தின் நுனி தரையில் இழுபடும். தடுக்கி விழாமலிருக்க, வாய்க்காலைத் தாண்டுகிறவர்போல முழங்காலை உயரத் தூக்கி வைக்க வேண்டியிருக்கும். அழுத்தத்தால் வந்தது பெரும்பாலும் தேறிவிடும். நரம்பிழையே அறுந்திருந்தால் அது நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். அதுவரை பாதத்தைத் தாங்க ஸ்பிளின்ட், கூடவே பிசியோதெரபி. முதுகுவலியோடு திடீரென்று பாதம் தொங்கினால் மட்டும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

தேறாத பாதத்துக்கும் வழி உண்டு. அதில் வேலூருக்குப் பெரிய பங்கு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த அறுவை சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயில் நரம்பு செத்துப் பாதம் தொங்கியவர்களுக்கு, கணுக்காலின் பின்பக்கம் உள்ள நல்ல தசைநாணை முன்பக்கம் கொண்டுவந்து தைக்கும் அறுவை சிகிச்சை அங்கே நடந்தது. பாதத்தை உள்ளே இழுத்துப் பழகிய தசை, இனி மேலே தூக்கக் கற்க வேண்டும். தையல் ஆறிய பிறகு நோயாளி படும் பாடே அதுதான்.

பிராண்ட் அழுத்திச் சொன்ன இன்னொன்று எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது: கிருமி விரலைத் தின்பதில்லை, வலி தெரியாததால் காயம் பட்ட காலிலேயே மறுபடி மறுபடி நடப்பதுதான் பாதத்தைத் தின்கிறது. மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு அந்தப் புரிதலில் வந்தது. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் அதையே எழுதிக் கொடுக்கிறார்கள்.

ஆனால் அருவிக்கும் கோயிலுக்கும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே போகிறோம்? அருவியில் கம்பியை விடாதீர்கள். தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் வீசும் காற்று முகத்துக்குத் தெரியும். மதிய வெயிலில் கொதிக்கும் கல் மரத்த பாதத்துக்குத் தெரியாது. வெயில் ஏறுமுன் தரிசனத்தை முடித்துவிட்டு, அறைக்கு வந்ததும் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள்.