கடதாசி மறக்காத வடு

வகுப்பறையில் ஒருநாள் மாணவன் ஒருவன் தன் கொப்பியைக் கையால் மறைத்தவாறு அமர்ந்திருந்தான். அருகே சென்று பார்த்தேன். பிழையாக எழுதிய கணக்கை அழிறப்பரால் பன்முறை தேய்த்ததில் தாள் தேய்ந்து ஒரு துளை விழுந்திருந்தது. கணக்குப் பிழைத்ததைக் காட்ட அவன் நாணவில்லை. கிழிசலைக் காட்டவே நாணினான். எழுதியதை அழித்துவிடலாம், கிழிந்ததை யாரால் அழிக்க முடியும்?

கடதாசி என்றதும் அதன்மேல் எழுதப்படுவதும் வரையப்படுவதுமே நம் நினைவுக்கு வருகின்றன. சீன நாட்டில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தோன்றிய கடதாசி, பிறர் கருத்தைச் சுமக்கும் பணியாளாகவே பெரும்பாலும் இருந்து வந்துள்ளது. அச்சுமைதாங்கியையே கலைப்பொருளாக உயர்த்தியோர் நம் காலக் கலைஞர் சிலர். பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ், 1941இல் பெரும் சத்திரசிகிச்சை ஒன்றுக்கு உள்ளாகி உடல் தளர்ந்தபின், வண்ணந் தீட்டிய தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டிப் புதுவகைச் சித்திரங்களை ஆக்கினார். அவர் கையில் தாள் மகிழ்ச்சியைப் பேசிற்று. துயரத்தையும் தாளே பேசும் என்பதை உணர்த்தியோர் நம் அயல்நாட்டில் தோன்றிய கலைஞர் இருவர்.

முதலாமவர் சோம்நாத் ஹோர். இன்று பங்களாதேசத்தைச் சேர்ந்த சிட்டகொங் பகுதியில் 1921இல் பிறந்தவர். வங்காளத்தில் 1943இல் நிகழ்ந்த பெரும் பஞ்சத்தில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தெருவோரங்களில் வாடிக் கிடந்த உடல்களை இளைஞரான ஹோர் நேரிற் கண்டு வரைந்தார். அக்காட்சி அவரை வாழ்நாள் முழுவதும் விட்டகலவில்லை. பிற்காலத்தில் சாந்திநிகேதனத்தில் ஆசிரியராக விளங்கிய அவர், 1970களில் 'காயங்கள்' என்னும் பெயரில் ஒரு படைப்பு வரிசையைத் தொடங்கினார்.

அதன் செய்முறை வியப்பூட்டுவது. களிமண், மெழுகு முதலிய மென்பொருள்களாலான பரப்பைக் கத்தியாற் கீறியும், காய்ச்சிய கம்பியாற் சுட்டும் அவர் புண்படுத்துவார். அதிலிருந்து சீமெந்து அச்சு ஒன்றை வார்ப்பார். அவ்வச்சின்மேற் கடதாசிக் கூழைப் பரப்பி அழுத்தி உலரவிட்டு எடுப்பார். மை இல்லை, உருவமும் இல்லை. வெள்ளைத் தாளில் வெள்ளைத் தழும்புகள் மட்டுமே புடைத்தும் பிளந்தும் நிற்கும். சிற்சிலவற்றில் மாத்திரம் குருதித் துளிபோற் செந்நிறம் சற்றே கசிந்திருக்கும். பஞ்சத்தையும் போரையும் கண்ட கண்கள், எந்த மனிதனையும் வரையாமலே மனிதத் துயரனைத்தையும் அத்தாளிற் பதித்தன. ஹோர் 2006இல் மறைந்தார்.

மற்றவர் ஸரீனா ஹஷ்மி. அலிகார் நகரில் 1937இல் வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரின் மகளாய்ப் பிறந்தவர். பல்கலைக்கழகத்திற் கணிதம் பயின்றவர். பாரிஸ் நகரிலும் ரோக்கியோவிலும் அச்சுக்கலையைக் கற்று, 1970களில் நியூயோர்க்கிற் குடியேறினார். 1977இல் அவர் செய்த படைப்புகளில் தூரிகைக்கும் வண்ணத்துக்கும் இடமில்லை. தையலூசியால் வெண்தாளைக் குத்திக் குத்தி, கணித ஒழுங்குடன் துளைகளை அமைத்தார். பின்னர் கடதாசிக் கூழையே அச்சில் வார்த்துச் சிற்பம்போல் ஆக்கினார். லொஸ் ஏஞ்சலீஸ் நகரில் 2012இல் தொடங்கிய அவரது பெருங் கண்காட்சிக்கு, 'தோலைப் போன்ற கடதாசி' என்னும் பொருள்படும் பெயரே சூட்டப்பட்டது. அதனினும் பொருத்தமான பெயர் வேறில்லை.

தேசப் பிரிவினை அவர் குடும்பத்தையும் பிரித்தது. பெற்றோர் பிற்காலத்திற் பாகிஸ்தானுக்குப் பெயர்ந்தனர். அங்கு வாழ்ந்த சகோதரி, ஸரீனாவுக்கு உருது மொழியிற் பல கடிதங்கள் எழுதினார். ஆனால் அவற்றை அனுப்பவில்லை. பெற்றோரின் மறைவும் வீடு கைமாறியதும் அவற்றிற் கூறப்பட்டிருந்தன. ஆண்டுகள் பல கழிந்தபின் அவை ஸரீனாவின் கைக்கு எட்டின. அக்கடிதங்களின் எழுத்துகள்மீது வீடுகளின் வரைபடங்களையும் நகரங்களின் உருவங்களையும் பதித்து, 2004இல் 'வீட்டிலிருந்து வந்த கடிதங்கள்' என்னும் படைப்பை அவர் ஆக்கினார். 2020இல் இலண்டனில் மறைந்த அவர், தம் வாழ்நாளில் வீடு என்பதைத் தாளிலே கட்டிக்கொண்டவர் எனலாம்.

'துளையிட்ட வெள்ளைத் தாள் எங்ஙனம் கலையாகும்?' என்று ஐயுறுவோர் உண்டு. முதன்முறை பார்த்தபோது எனக்கும் அவ்வையம் எழுந்தது. உருவம் வரையப்பட்டிருந்தால், அது இன்னாரின் துன்பம் என்று கூறிவிட்டு நாம் விலகிச் செல்வோம். உருவமற்ற வடுவோ, பார்ப்பவர் தம் துன்பத்தையும் அங்கே காண இடங்கொடுக்கிறது. கடல்கடந்து சென்றவர் அனுப்பிய கடிதங்களைப் பெட்டகத்துட் பேணும் நம் தாய்மாருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மடிப்பிலே நைந்து, கண்ணீர் பட்டுச் சுருங்கிய அத்தாள், எழுத்து மங்கிய பின்னரும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது.

தாள் எளிதிற் கிழியும். ஆதலினாற்றான் தனக்கு நேர்ந்ததை அது மறைப்பதில்லை. வலிய கல்லும் இரும்பும் செய்ய இயலாத சாட்சியத்தை இம்மெல்லிய பொருள் செய்கிறது. இவ்விரு கலைஞரும் தமக்கென ஒரு புதுமை வேண்டித் தாளை நாடினாரல்லர்; சொல்ல வேண்டியதற்கு அதனினும் உண்மையான பொருள் வேறு கிடைக்காமையாலேயே நாடினர்.

அன்று அந்த மாணவனிடம், கிழிந்த தாளை எறிந்துவிட்டுப் புதிய தாளில் எழுதுமாறு பணித்தேன். இன்றாயின், அத்தாளைச் சாளரத்தின் எதிரே பிடித்து ஒருகணம் பார்க்கச் சொல்லியிருப்பேன். ஒளி அத்துளையின் வழியாகவே வந்திருக்கும்.