பெயர் ஒன்று, ஆள் வேறு: ஓ.பி. கவுண்டரில் நாம் கவனிக்க வேண்டியவை

"பெயர் என்ன? வயது என்ன? எந்த ஊர்? போன் நம்பர் சொல்லுங்கள்."

மருத்துவமனையின் ஓ.பி. கவுண்டரில் கேட்கப்படும் இந்த நான்கு கேள்விகளுக்கும் நாம் அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிடுகிறோம். டோக்கன் கையில் கிடைத்தால் போதும் என்று நகர்ந்துவிடுகிறோம். ஆனால் டாக்டர் பார்க்கும் திரை, ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்தகத்தில் தரப்படும் மாத்திரை ஆகிய மூன்றும் அந்த அரை நிமிடப் பதிலின் மீதுதான் நிற்கின்றன. நம் சமுதாயக் குடும்பங்கள் இதில் மற்றவர்களைவிடக் கூடுதல் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. காரணம், நம் பெயர்கள்.

கணினி எப்படி வந்தது?

2005-இல் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் ஒரு பகுதியாக, நம் மாநில அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளைக் கணினியில் பதிவு செய்யும் முறை படிப்படியாகக் கொண்டுவரப்பட்டது. கர்ப்பிணிப் பெண்களுக்குத் தரப்படும் 'பிக்மி' நம்பரை அறியாத வீடு இன்று இல்லை. 2021 செப்டம்பர் 27 அன்று மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தை நாடு முழுவதும் விரிவுபடுத்தியது. அதில் தரப்படும் 14 இலக்க எண்ணின் பெயர்தான் 'ஆபா'.

சங்கரன்கோவில் போன்ற ஊரில் இருப்பவர்களுக்கு இது முக்கியமானது. இங்கே ஓ.பி. பார்த்துவிட்டு, மேல்சிகிச்சைக்குத் தென்காசிக்கோ, சுமார் 55 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போக வேண்டியவர்கள் நாம். போகும் இடமெல்லாம் நம் பழைய விவரமும் நம்மோடு வர வேண்டும். பெயர் சரியாக இருந்தால்தான் அது வரும்.

ஒரு பெயருக்கு எத்தனை எழுத்துக்கோவை?

பெரும்பாலான மருத்துவமனைக் கணினிகளில் பெயரை ஆங்கிலத்தில்தான் தட்டச்சு செய்கிறார்கள். முஹம்மது என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். முதல் எழுத்துக்குப் பின் 'ஓ' போடுபவரும் உண்டு, 'யு' போடுபவரும் உண்டு. நடுவில் ஒரு 'எம்' போடலாம், இரண்டும் போடலாம். கடைசி 'டி'க்கு முன் 'இ' வரலாம், 'ஏ' வரலாம். இந்த மூன்று இடங்களை மட்டும் கணக்கிட்டாலே 8 விதம். 'எம்.டி.' என்று சுருக்குவது தனி. மைதீன், முகைதீன், மொய்தீன், முஹ்யித்தீன் கதையும் இதுதான். செய்யது, சையது, சயீத் என்பவையும் அப்படியே.

மனிதக் கண்ணுக்கு இவை ஒரே பெயர். எழுத்தை எழுத்தாகப் பார்க்கும் கணினிக்கு ஒவ்வொன்றும் வேறு பெயர். போன மாதம் ஒரு விதமாகவும் இந்த மாதம் இன்னொரு விதமாகவும் பதிவானால், கணினியைப் பொறுத்தவரை இருவர் வந்துபோயிருக்கிறார்கள்.

இதைச் சமாளிக்க ஒலியை வைத்துத் தேடும் முறைகள் உள்ளன. அவற்றுள் பழையது 'சவுண்டெக்ஸ்'. 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறை அது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும், உயிரெழுத்துகளை விட்டுவிடும், மற்ற எழுத்துகளுக்கு ஒலிக்கேற்ப எண் கொடுக்கும். முஹம்மதை எப்படி எழுதினாலும் 'எம் 530' என்றே வரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மஹ்மூத் என்ற பெயருக்கும் அதே 'எம் 530'தான் வருகிறது! மைதீனுக்கு 'எம் 350'. மதன் என்ற பெயருக்கும் அதேதான். ஆகவே இப்படித் தேடினால் கணினி ஒரு பட்டியலைத்தான் காட்டும். அதில் நாம் யார் என்று தேர்ந்தெடுப்பவர் கவுண்டரில் இருக்கும் ஊழியர். பின்னால் 40 பேர் வரிசையில் நிற்கும்போது அவர் எவ்வளவு நேரம் பார்ப்பார்?

இரண்டு விதத் தவறுகள்

ஒன்று, ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு. இதனால் பழைய விவரம் மறைந்துபோகும். எடுத்துக்காட்டாக, ஒருவருக்குப் பென்சிலின் ஊசி ஒத்துக்கொள்ளாது என்பது முதல் பதிவில் இருக்கிறது. டாக்டரோ இரண்டாம் பதிவைத் திறந்து வைத்திருக்கிறார். எடுத்த பரிசோதனையையே மறுபடி எடுக்கும் செலவும் உண்டு.

இரண்டு, இரண்டு ஆட்களுக்கு ஒரே பதிவு. இது முன்னதைவிட ஆபத்தானது. ஒருவருடைய சர்க்கரை அளவைப் பார்த்து இன்னொருவருக்கு மருந்து எழுதப்படலாம். பாட்டனார் பெயரைப் பேரப்பிள்ளைகளுக்கு வைப்பது நம் வழக்கம். பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் ஒரே பெயருடன் ஒரே தெருவில் இருப்பார்கள். செய்யதலி பாத்திமா, மைதீன் பாத்து, ரசூல் பீவி என்று ஒரே பெயரில் பல பெண்கள் ஒரே ஊரில் இருப்பார்கள். பிறந்த தேதி தெரியாத பெரியவர்கள் பலருக்கு ஆதாரில் ஜனவரி 1 என்றே இருக்கிறது. பெயரும் ஒன்று, தேதியும் ஒன்று என்றால் கணினி என்ன செய்யும்?

இது நமக்கு மட்டும் உள்ள சிக்கல் அல்ல. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரை உள்ளடக்கிய ஹாரிஸ் கவுண்டியின் பொது மருத்துவமனைக் கணினியில் சுமார் 34 லட்சம் நோயாளிகள் இருந்தபோது, அவர்களில் 2,488 பேருக்கு 'மரியா கார்சியா' என்று பெயர். அந்த மரியா கார்சியாக்களில் 231 பேர் இன்னொரு மரியா கார்சியாவின் பிறந்த தேதியையே கொண்டிருந்தார்கள்! உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஒன்பது நோயாளர் பாதுகாப்பு வழிமுறைகளில், ஆளை இன்னார் என்று உறுதிசெய்வதும் ஒன்று. குறைந்தது இரண்டு அடையாளங்களையாவது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்கிறது அது. பெயர் மட்டும் போதாது.

நம் முன்னோர்களுக்குத் தெரிந்த கலை

ஒரே பெயருள்ளவர்களைப் பிரித்தறிவது நம் மதரஸாக்களுக்குப் புதிதல்ல. ஹதீஸ் கலையில் 'அல்முத்தஃபிக் வல்முஃப்தரிக்' என்றே ஒரு பிரிவு உண்டு. எழுத்தில் ஒன்றாகவும் ஆளில் வேறாகவும் உள்ள அறிவிப்பாளர்களைப் பற்றியது அது. கி.பி. 1071-இல் மறைந்த கதீப் அல்பக்தாதி இதே தலைப்பில் ஒரு நூலே எழுதினார். அல்கலீல் இப்னு அஹ்மத் என்ற பெயரில் மட்டும் ஆறு பேரை அறிஞர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். எப்படிப் பிரித்தார்கள்? பாட்டனார் பெயர், குன்யத் எனும் சிறப்புப் பெயர், ஊர், ஆசிரியர் யார், மறைந்த ஆண்டு எது என்று ஒன்றுக்கு இரண்டாக அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆள் மாறினால் செய்தி மாறிவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. ஓ.பி. சீட்டில் ஆள் மாறினால் மருந்து மாறிவிடும்.

போன் நம்பர் யாருடையது?

வளைகுடாவில் கணவர் இருக்கும் வீடுகளில் எல்லாவற்றுக்கும் அவருடைய நம்பரையே கொடுத்திருப்போம். ஆபா எண்ணை ஆதார் வழியாக எடுத்தால், ஓ.டி.பி. ஆதாரில் உள்ள நம்பருக்குத்தான் போகும். இங்கே கவுண்டரில் மனைவி நிற்க, ஓ.டி.பி. வேலை நேரத்தில் ரியாத்துக்குப் போகும். அந்த இந்திய சிம் அங்கே செயல்படாமலும் இருக்கலாம். பரிசோதனை முடிவு குறித்த குறுஞ்செய்தியும் அப்படியே. வீட்டில் எப்போதும் இருக்கும் ஒரு நம்பரை ஆதாரிலும் மருத்துவமனையிலும் கொடுத்து வைப்பதே நல்லது. ஆதார் சேவை மையத்திலோ, ஆதார் பணி நடக்கும் தபால் நிலையத்திலோ இதை மாற்றிக்கொள்ளலாம். அதேநேரம், போனில் அழைத்து ஓ.டி.பி. கேட்பவர் எந்த மருத்துவமனையின் பெயரைச் சொன்னாலும் கொடுக்கக் கூடாது.

ஆபா எடுப்பது விருப்பத்தைப் பொறுத்தது, கட்டாயமல்ல. இருந்தால் ஒரு வசதி உண்டு. 2022 அக்டோபரில் டெல்லியின் லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு முறை தொடங்கப்பட்டது. கவுண்டரில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். குறியீட்டைப் போனில் ஸ்கேன் செய்தால் பெயர், வயது முதலியவை நேராக மருத்துவமனைக் கணினிக்குப் போய் டோக்கன் வந்துவிடும். யாரும் தட்டச்சு செய்யாததால் எழுத்துப் பிழைக்கு இடமில்லை. ஆனால் ஆதாரிலேயே பெயர் தவறாக இருந்தால், அந்தத் தவறுதான் போகும் இடமெல்லாம் போகும். ஆகவே முதலில் திருத்த வேண்டியது அதைத்தான்.

காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள்

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையவழித் தாக்குதலுக்கு உள்ளாகி முடங்கின. ஓ.பி. பதிவு முதல் ஆய்வகம் வரை பல நாட்கள் கையால் எழுதியே வேலை பார்த்தார்கள். நாட்டின் முதன்மையான மருத்துவமனைக்கே இந்த நிலை என்றால், மின்சாரம் போனாலே நின்றுவிடும் இடங்களைச் சொல்ல வேண்டியதில்லை. ஓ.பி. சீட்டு, பரிசோதனை முடிவு, டிஸ்சார்ஜ் சீட்டு ஆகியவற்றை ஆளுக்கு ஒரு ஃபைலாக வீட்டில் வைத்திருப்பது என்றைக்கும் உதவும்.

நோய் விவரம் ஓர் அமானிதம்

மருத்துவமனையின் கணினியில் இருக்கும் நம் விவரம் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். 2023-இல் நிறைவேற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தவறான விவரத்தைத் திருத்தக் கேட்கும் உரிமையை அங்கீகரிக்கிறது. "என் பெயர் தப்பாக இருக்கிறது, மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

நம் பங்குக்கு நாமும் அமானிதம் பேண வேண்டும். உம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் மருமகளின் பரிசோதனை முடிவையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு விளக்கம் கேட்கும் பழக்கம் பரவியிருக்கிறது. சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டா போடுகிறோம்?

இன்றே செய்யக் கூடியவை

1. வீட்டில் ஒவ்வொருவருடைய பெயரையும் ஆதாரில் உள்ள ஆங்கில எழுத்துக்கோவைப்படி ஒரு சீட்டில் எழுதி, ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். கவுண்டரில் வாயால் சொல்வதைவிட அதைக் காட்டுங்கள்.

2. மறுமுறை போகும்போது பழைய ஓ.பி. சீட்டைக் காட்டி, அதே எண்ணிலேயே பதியச் சொல்லுங்கள். "புதுசா, பழசா?" என்று கேட்டால், சீட்டு கொண்டுவர மறந்திருந்தாலும் "பழசு" என்றே சொல்லுங்கள்.

3. கவுண்டரை விட்டு நகரும் முன் சீட்டில் பெயர், வயது, தந்தை அல்லது கணவர் பெயர், ஊர் ஆகியவற்றைப் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுடன் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒன்றை அனுப்புங்கள்.

4. பிக்மி பதிவில் தாயின் பெயர் சரியாக இருக்கிறதா என்று கர்ப்ப காலத்திலேயே பாருங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் வரை அந்தப் பதிவு தொடரும்.

5. ஒத்துக்கொள்ளாத மருந்தை ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதுங்கள். திரையில் இருக்கும் என்று நம்பியிராமல் டாக்டரிடம் வாயாலும் சொல்லுங்கள்.

6. ரத்தம் எடுப்பவரும் மாத்திரை கொடுப்பவரும் பெயரைச் சொல்லி அழைக்கும்போது உடனே "ஆமாம்" என்று போகாமல், "எந்த ஊர், யார் மகள்?" என்று திருப்பிக் கேளுங்கள். அதே பெயரில் இன்னொருவர் பக்கத்து நாற்காலியில் இருக்கக்கூடும்.

ஜும்ஆவுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்கி, விவரம் தெரிந்த இளைஞர்கள் மஹல்லாவின் பெரியவர்களுக்கு இந்த முதல் பக்கத்தை எழுதிக் கொடுத்தால் அது பெரும் சேவையாக இருக்கும். ஒரு பேனாவும் ஒரு தாளும் போதும்.