சுருண்ட கூந்தலும் தேவன் தந்த ஈவே



நம் சபைகளில் அநேக சகோதரிகள் கூந்தலைக் கத்தரிப்பதில்லை. பொன்னையும் பூவையும் விட்டுவிட்ட நமக்கு, நீண்ட கூந்தலே மகிமையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று அப்போஸ்தலனாகிய பவுல் எழுதியதை அறிந்திருக்கிறோம் (1 கொரி. 11:15). ஆனால் அந்தக் கூந்தல் சுருள்சுருளாக, எண்ணெயிட்டாலும் படியாமல், சீப்பு நுழையாமல் பரட்டையாக எழும்பி நிற்குமானால், அதைச் சுமக்கும் பிள்ளைக்கு அது மகிமையாகத் தோன்றுவதில்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் கேலிச்சொல் கேட்கிறாள். வேலைக்குப் போகும் இடத்தில், “முடியை நேராக்கிக்கொண்டு வாருங்கள்” என்கிறார்கள். ஞாயிறு காலையில் ஆராதனைக்கு நேரமாகும்போது, சிக்கெடுக்கும் தாய்க்குப் பொறுமை குறைகிறது. மகளுக்குக் கண்ணீர் வருகிறது. முடிவில் ஒருநாள் அவள் அழகு நிலையத்தின் வாசலில் போய் நிற்கிறாள்.

அந்த வாசலுக்குப் போகுமுன் அவளும் நீங்களும் அறியவேண்டிய சில காரியங்கள் உண்டு. முதலாவது, சுருள்முடி குறையன்று. உன்னதப்பாட்டிலே மணவாட்டி தன் நேசரைப் புகழும்போது, அவருடைய தலைமுடி சுருண்டும் காகத்தைப்போலக் கறுத்தும் இருப்பதை மகிழ்ச்சியோடு சொல்லுகிறாள் (உன். 5:11). வேதம் புகழ்ச்சியாகச் சொன்னதை நாம் இகழ்ச்சியாக எண்ணுவானேன்?

சுருள்முடி ஏன் வறண்டுபோகிறது?

நம் தலைத்தோலில் தேவன் எண்ணெய்ச் சுரப்பிகளை வைத்திருக்கிறார். நேரான முடியில் அந்த எண்ணெய் வேரிலிருந்து நுனிவரை எளிதாக இறங்கும். சுருள்முடியிலோ ஒவ்வொரு வளைவிலும் அது தடைபடும். ஆகையால் வேர் பிசுபிசுப்பாக இருக்கும்போதே நுனி வைக்கோலைப்போல உலர்ந்திருக்கும்.

மேலும், முடியின் மேற்பரப்பு மீன் செதில்களைப்போன்ற மெல்லிய அடுக்குகளால் மூடப்பட்டிருக்கிறது. சுருள் வளையும் இடங்களில் இச்செதில்கள் எளிதில் தூக்கிக்கொள்ளும். காற்றிலுள்ள ஈரம் உள்ளே புகுந்து முடியைப் பருக்கச் செய்யும். மும்பையின் மழைக்காலத்தில் தலை பந்துபோல எழும்புவது இதனால்தான். டெல்லியின் குளிர்காலத்தில் உலர்ந்த காற்று முடியிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடுவதால், முடி முரடாகி ஒடிகிறது.

இன்னொன்றையும் எண்ணிப்பாருங்கள். முடி மாதத்திற்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக வளருகிறது. இடுப்புவரை தொங்கும் கூந்தலின் நுனிக்கு ஆறேழு வயது இருக்கும்! அத்தனை வருட வெயிலையும் சீப்பையும் சோப்பையும் தாங்கிய நுனி அது. கத்தரிக்காமல் வளர்ப்பவர்களுக்கு அந்த நுனியைப் பாதுகாப்பதே முக்கியமான வேலை.

எந்த எண்ணெய் நல்லது?

தேங்காய் எண்ணெய்: நம் பாட்டிமார் கைவிடாத இந்த எண்ணெய்க்கு விஞ்ஞானத்தின் சாட்சியும் உண்டு. 2003-ஆம் ஆண்டில் மும்பை ஆய்வாளர்களான ரேலே, மோஹிலே ஆகிய இருவரும் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் முடியில் தடவி ஒப்பிட்டார்கள். அலசும்போது முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைத்தது தேங்காய் எண்ணெய் மாத்திரமே. அவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்தவர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். எனினும் காரணம் தெளிவானது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியதும் நேரானதுமாக இருப்பதால் முடிக்குள் ஊடுருவுகிறது. மற்றவை பெரும்பாலும் மேலேயே நின்றுவிடுகின்றன.

ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே இந்த எண்ணெய் உறைந்துவிடும். டெல்லியிலும் பெங்களூரிலும் குளிர்காலக் காலையில் புட்டியை வெந்நீர்ப் பாத்திரத்தில் சற்றுநேரம் வைத்தால் போதும், அடுப்பில் வைக்கவேண்டாம்.

நல்லெண்ணெய்: குளிரிலும் உறையாது. வட இந்தியக் கடைகளில் ‘தில் கா தேல்’ என்று கேட்டால் கிடைக்கும். முடியின்மேல் படிந்து வழவழப்பைத் தரும்.

ஒலிவ எண்ணெய், பாதாம் எண்ணெய்: இவையும் முடிக்கு மென்மை தரும். ஆனால் விலை அதிகம். வாடகையும் பிள்ளைகளின் கட்டணமும் கட்டவேண்டிய குடும்பம் இவற்றை வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை.

கடுகெண்ணெய்: வடநாட்டு அயலகத்தார் அன்போடு சிபாரிசு செய்வார்கள். சிலருக்கு இது தோலில் எரிச்சல் உண்டாக்கும். முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவி, ஒருநாள் பொறுத்துப் பார்த்த பின்பே தலைக்கு இடுங்கள்.

விளக்கெண்ணெய்: இதில் எச்சரிக்கை தேவை. மிகவும் பசைத்தன்மையுள்ளது. 2017-ஆம் ஆண்டில் முடி மருத்துவத்திற்கான இதழ் ஒன்றில், விளக்கெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்து தேய்த்து அலசிய ஓர் இளம்பெண்ணின் நீண்ட கூந்தல் திடீரென்று கம்பளிபோல ஒரே கட்டியாகச் சிக்கிக்கொண்டதை மருத்துவர்கள் எழுதினார்கள். இப்படி நேருவது மிக அபூர்வமே. ஆனால் நேர்ந்துவிட்டால் பிரித்தெடுப்பது மிகக் கடினம். பெரும்பாலும் வெட்டவே நேரிடும். வருடக்கணக்காய் வளர்த்த கூந்தல் ஒரு குளியலில் போய்விடக்கூடாதல்லவா? ஆகையால் நீண்ட சுருள்முடி உள்ளவர்கள் விளக்கெண்ணெயைத் தலை முழுவதும் ஊற்றித் தேய்ப்பதைத் தவிர்ப்பது நல்லது.

எப்படித் தேய்ப்பது?

1. எண்ணெய் ஈரத்தைத் தருவதில்லை. இருக்கிற ஈரத்தைக் காக்கிறது. ஆகவே உலர்ந்த முடியில் கொட்டாமல், கையை நனைத்து முடியை லேசாக ஈரப்படுத்திக்கொண்டு தேயுங்கள்.

2. தலைமுடியை நான்கு பாகமாகப் பிரியுங்கள். இடுப்புவரை உள்ள கூந்தலுக்கு இரண்டு மூன்று தேக்கரண்டி எண்ணெய் போதும். நுனியில் தொடங்கி மேலே வாருங்கள். வேருக்கு விரல்நுனியில் ஒட்டுகிற அளவு போதுமானது.

3. எண்ணெய் இருக்கும்போதே விரல்களால் சிக்கெடுங்கள். பின்பு பற்கள் அகன்ற சீப்பினால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாக வாருங்கள். உலர்ந்த சுருள்முடியை வாரினால் அது ஒடியும், பறக்கும்.

4. ஒரு மணி நேரம் ஊறினாலும் போதும். இரவு முழுவதும் விட்டாலும் குற்றமில்லை. வாரத்திற்கு ஒருமுறை அல்லது இருமுறை அலசுங்கள். சீயக்காய்த் தூளை அப்படியே போட்டால் சுருள்களுக்குள் தங்கிவிடும். கரைத்து வடிகட்டிப் பயன்படுத்துங்கள். ஷாம்பூவானால் தலைத்தோலுக்கு மட்டும் இடுங்கள். பின்பு நுனிகளுக்குக் கண்டிஷனர் தடவி அலசுங்கள்.

5. துவாலையால் முறுக்கித் தேய்க்காமல், பழைய பருத்தித் துணியால் ஒற்றியெடுங்கள். ஈரம் இருக்கும்போதே இரண்டு மூன்று துளி எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து நுனிகளில் தடவினால், பரட்டை எழும்பாது.

பட்டணத்துத் தண்ணீரும் முக்காடும்

ஊரில் ஆற்றிலும் குளத்திலும் அலசிய தலை, இங்கே ஆழ்குழாய்க் கிணற்று நீரிலும் டேங்கர் லாரி நீரிலும் குளிக்கிறது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து முடியில் படிந்து அதை முரடாக்கும். வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருக்குமானால், கடைசியாக ஒரு சொம்பு சுத்திகரித்த நீரை ஊற்றி அலசுங்கள். தண்ணீர் அளந்து கிடைக்கும் வீடுகளில், எண்ணெயைக் குறைவாக இடுவதே ஞானம். அதிகம் இட்டால் அதிகம் அலசவேண்டும்.

ஞாயிறு காலையில் தலை குளித்து, ஈரத்தோடே பின்னி, முக்காடு போட்டு ஆராதனைக்கு ஓடாதிருங்கள். மூடிய ஈரத்தில் துர்நாற்றமும் அரிப்பும் உண்டாகும். சனிக்கிழமை மாலையே குளித்து உலர்த்திக்கொள்ளுங்கள். கொண்டையை நெற்றி இழுபடும்படி இறுக்கிக் கட்டவும் வேண்டாம். வருடக்கணக்கில் இறுக்கினால் நெற்றியோரத்து முடி நிரந்தரமாகவே போய்விடக்கூடும்.

எண்ணெயால் ஆகாதவை

எண்ணெய் முடியைக் காக்கும். வழுக்கையில் முடியை முளைப்பிக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மூலிகைத் தைலம் என்று ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் விளம்பரங்களுக்குச் செவிகொடாதேயுங்கள். ஜெபித்துப் பூசும் எண்ணெய் விசுவாசத்தின் காரியம் (யாக். 5:14), அதையும் கூந்தல் தைலமாக எண்ணாதிருங்கள்.

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிவரை உதிர்வது இயற்கையே. கடுங்காய்ச்சலுக்கும் பிரசவத்திற்கும் பின் இரண்டு மூன்று மாதத்தில் அதிகமாய் உதிர்ந்து, பெரும்பாலும் தானே சரியாகும். அப்படியின்றிக் கொத்துக்கொத்தாக உதிருமானால், இரத்தத்தில் இரும்புச்சத்தையும் தைராய்டையும் பரிசோதியுங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மீதியை உண்ணும் தாய்மார்களே, உங்கள் தட்டிலும் கீரையும் பயறும் முட்டையும் இருக்கட்டும். பொடுகும் அரிப்பும் அதிகமாயிருந்தால் எண்ணெயை நிறுத்திவிட்டு மருத்துவரைக் காணுங்கள். பொடுகுக்குக் காரணமான நுண்ணுயிர் எண்ணெய்ப் பசையை உண்டே பெருகும்.

நேராக்கும் ஆசை

இப்பொழுது அந்த வாசலுக்கு வருவோம். ‘கெரட்டின்’ என்று சொல்லப்படும் சிகிச்சைகள் பலவற்றில் சூடேற்றும்போது ஃபார்மால்டிஹைடு ஆவி வெளிப்படுகிறது. அது கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிக்கும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்ஸிலிக் அமிலமும் ஆபத்தில்லாததன்று. முடி நேராக்கச் சென்ற ஒரு பெண்ணுக்கு ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை, 2024-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர்கள் வெளியிட்டார்கள். இத்தனைக்கும் பின், புதிதாய் முளைக்கும் முடி மறுபடியும் சுருண்டே வரும். அவளுடைய முடி அப்படி. தேவன் அவளை அப்படியே உண்டாக்கினார்.

மகள் அங்கே போக விரும்பினால் அவளைக் கடிந்துகொள்ளாதேயுங்கள். அவள் தேடுவது உலக அலங்காரத்தையல்ல, கேலியிலிருந்து விடுதலையை. வாரத்தில் ஒரு மாலை அவளை அருகே உட்காரவைத்து, எண்ணெய் தேய்த்து, பொறுமையாய்ச் சிக்கெடுங்கள். அவள் மனதிலுள்ளதைச் சொல்லவும் அது தருணமாயிருக்கும். “உன் முடி அழகு” என்று முதலாவது தாயின் வாயிலிருந்து கேட்கட்டும். சபையிலுள்ள மூத்த சகோதரிகளும் அதையே சொல்லட்டும்.

புறம்பான அலங்காரத்தைவிட, இருதயத்தில் மறைந்திருக்கும் சாந்தகுணமே தேவனுடைய பார்வையில் விலையேறப்பெற்றது என்று பேதுரு போதித்தார் (1 பேது. 3:3,4). ஆனால் உபவாச நாளிலும் தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவும்படி சொன்னவர் நம் ஆண்டவரே (மத். 6:17). பெருமை வேறு, பராமரிப்பு வேறு. நம் தலைமுடியெல்லாம் அவரால் எண்ணப்பட்டிருக்கிறது (மத். 10:30), சுருண்டவையும் அந்தக் கணக்கில் உண்டு. அவர் எண்ணி வைத்ததை நாம் வெறுக்காமல், நன்றியோடு பேணுவோமாக. கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குமாரத்திகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.